இருப்புப்பாதையை ஆசீர்வதித்த பாப்பரசர்

முத்திப்பேறு பெற்ற ஒன்பதாம் பத்திநாதரின் வாழ்வும், அவரது நாட்டின் இரயில் பாதையும்

ஆலய மணியோசையோடு இரயில் வண்டியின் ஊதலையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பங்கில் இரயில்வேயில் பணிபுரிந்தோர் இல்லாத தெரு இல்லை. இரவுப் பணி முடித்துச் சீருடை களையாமலே அதிகாலைத் திருப்பலிக்கு வந்து, ஆலயத்தின் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருந்த பெரியவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை. எனவே, இந்த ஜூபிலி மலரில் திருச்சபையின் பெரியோர் ஒருவரது வரலாறு இடம்பெற வேண்டும் என்று எண்ணியபோது, நம் ஊர்க் கதையோடு ஒட்டிய ஒருவரைத் தேடினோம். அப்படிக் கிடைத்தவரே ஒன்பதாம் பத்திநாதர்.

1856-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அதுவே. அதே ஆண்டு, அதே ஜூலை மாதத்தில், உரோமை நகரிலிருந்து பிரஸ்காட்டி என்னும் மலையடி ஊருக்கு முதல் இரயில் புறப்பட்டது. பாப்பரசரின் நாட்டில் அதுவே முதல் பாதை. நம் நாட்டவர் இராயபுரத்தில் இரும்புக் குதிரையைக் கண்டு மலைத்து நின்ற அதே நாட்களில், உரோமை மக்களும் அவ்வாறே மலைத்து நின்றனர். அந்தப் பாதையைத் திறக்க மனம் கொண்டவரின் வாழ்வு இன்பமும் துன்பமும், புகழும் பழியும் கலந்தது. அதை உள்ளபடியே சொல்ல முயல்கிறோம்.

நோயாளிச் சிறுவன்

இத்தாலியின் கிழக்குக் கடற்கரையில் செனிகல்லியா என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1792-ம் ஆண்டு மே 13-ம் தேதி மஸ்தாய் பெரெத்தி என்னும் பிரபுக் குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தார் நம் வரலாற்று நாயகர். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெற்று, ஜியோவான்னி மரியா என்று பெயர் பூண்டார்; நம் வழக்கில் சொன்னால் அருளப்பர் மரியா.

வால்ட்டெர்ரா நகரில் துறவியர் நடத்திய கல்லூரியில் படித்து வந்த காலத்தில், அவருக்குக் காக்காய் வலிப்பு நோய் கண்டது. எப்போது விழுவார், எங்கே விழுவார் என்று தெரியாத நிலை. படிப்பு தடைப்பட்டது. படைப் பணியில் சேர விரும்பியும் நோய் காரணமாக அந்த வழி அடைந்துபோயிற்று. அந்நாட்களில் இந்நோய் உள்ளவர்களைக் குருத்துவத்துக்கும் ஏற்பதில்லை. வாலிப வயதில் முன்னே இரண்டு கதவுகளும் மூடிக் கிடக்க, அவர் லொரேத்தோ மாதா திருத்தலத்தை நாடினார். படிப்படியாக நோயின் கடுமை தணிந்தது. அன்றைய பாப்பரசர் ஏழாம் பத்திநாதரின் தயவால் 1819-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி குருப்பட்டம் பெற்றார். திருப்பலி நிறைவேற்றும்போது மற்றொரு குரு அருகில் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அவருக்கு இடப்பட்ட நிபந்தனை.

முதல் திருப்பலியை அவர் எங்கே நிறைவேற்றினார் தெரியுமா? பெரிய பேராலயம் எதிலும் அன்று. உரோமை நகரில் 'தாத்தா ஜியோவான்னி' என்று மக்கள் அழைத்த அநாதை இல்லத்தின் சிற்றாலயத்திலே. எழுத்தறிவற்ற ஒரு கொத்தனார், தெருவில் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்து உருவாக்கிய இல்லம் அது. பகலில் பட்டறைகளில் தொழில் கற்று, மாலையில் இல்லம் திரும்பும் சிறுவர்களுக்கு ஞானோபதேசமும் எழுத்தும் கற்பிப்பதே இளங்குருவின் பணி. பிற்காலத்தில் அரசராக அமர்ந்த போதும் தொழிலாளர் பிள்ளைகளின் முகங்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பயணத்தின் அருமை அறிந்தவர்

1823-ம் ஆண்டு, தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்ற பாப்பரசரின் தூதுக் குழுவில் அவரும் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். புயலும் பசியும் கண்டு அக்கரை சேர்ந்த பின், கோவேறு கழுதை மீதும் வண்டியிலுமாகப் பெரும் சமவெளியைக் கடந்து, ஆந்தீஸ் மலைத்தொடரையும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 1825-ல் உரோமைக்குத் திரும்பினார். அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்த ஒருவர் பிற்காலத்தில் பாப்பரசரானது அதுவே முதல் முறை. உலகம் எவ்வளவு பெரியது, ஒரு மந்தையிலிருந்து மற்றொரு மந்தைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர்.

திரும்பியதும் சான் மிக்கேலே என்னும் பெரிய அறநிலையத்தின் பொறுப்பை ஏற்றார். முதியோரும் அநாதைகளும் தங்கி, நெசவு முதலிய தொழில்களைச் செய்யும் இடம் அது. அங்கிருந்து 1827-ல் ஸ்போலெட்டோ நகரின் பேராயரானார். 1831-ல் அந்நாட்டில் கலகம் மூண்டது. ஆஸ்திரியப் படை கலகக்காரரைத் துரத்தி வந்தபோது, பேராயர் நடுவே நின்று ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்து, அவர்களுக்கு மன்னிப்பும் பெற்றுத் தந்தார். 1832-ல் நிலநடுக்கம் வந்தபோது வீடிழந்தோருக்கு ஓடி ஓடி உதவினார். அதே ஆண்டு இமோலா மறைமாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். 1840-ல் கர்தினால் ஆனார்.

1846-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதி, இரண்டே நாள் கூடிய தேர்தல் சபை, ஐம்பத்து நான்கு வயதான அவரைப் பாப்பரசராகத் தேர்ந்தெடுத்தது. தமக்கு நன்மை செய்த ஏழாம் பத்திநாதரின் நினைவாக ஒன்பதாம் பத்திநாதர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்.

அடைத்திருந்த பாதை திறந்தது

அக்காலத்தில் பாப்பரசர் திருச்சபையின் தலைவர் மட்டும் அல்லர்; ஒரு நாட்டின் அரசரும் ஆவார். இத்தாலியின் நடுப்பகுதியில், மேற்குக் கடல் முதல் கிழக்குக் கடல் வரை பரந்து, ஏறக்குறைய முப்பது லட்சம் மக்கள் வாழ்ந்த நாடு அது. அவருக்கு முன் ஆட்சி செய்த பதினாறாம் கிரகோரியார் ஆழ்ந்த கல்வியும் துறவொழுக்கமும் உடையவர். நம் மதுரை மறைப்பணி 1830-களில் புத்துயிர் பெற்றதும் அவர் காலத்திலேதான். ஆனால் தம் நாட்டுக்குள் இருப்புப்பாதை போட மட்டும் அவர் இசையவில்லை. இரயிலோடு கலகக் கருத்துகளும் வந்து இறங்கும் என்ற அச்சம் ஒருபுறம். காலியான கஜானா மறுபுறம். பக்கத்து நேப்பிள்ஸ் நாட்டில் 1839-லேயே நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சி வரை இத்தாலியின் முதல் இரயில் ஓடிவிட்டது. வடக்கே மிலானிலும் தஸ்கனியிலும் பாதைகள் முளைத்தன. நடுவே பாப்பரசரின் நாடு மட்டும் குதிரை வண்டியின் காலத்திலே நின்றது.

புதிய பாப்பரசர் பதவியேற்ற ஓரிரு மாதங்களுக்குள் இருப்புப்பாதை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டு நவம்பர் மாதமே பாதைகள் அமைய வேண்டிய திசைகளைக் குறித்து அரசு அறிவிப்பு வெளியாயிற்று. மேற்கே துறைமுகமான சிவித்தாவெக்கியா; தெற்கே நேப்பிள்ஸ் எல்லை; வடகிழக்கே அங்கோனா வழியாகப் பொலோஞ்ஞா. அதே கோடையில் அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்பும் அளித்தார். மக்கள் மகிழ்ச்சிப் பெருக்கில் தெருத்தெருவாக அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர். 1848-ல் உரோமையில் யூதர்களின் சேரியைச் சூழ்ந்திருந்த மதில் அவர் ஆணையால் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு அரசியல் சட்டமும் வழங்கினார்.

ஆனால் தண்டவாளம் போடும் முன்பே புயல் வந்துவிட்டது.

ஓட்டமும் மீட்சியும்

1848-ல் ஐரோப்பா எங்கும் புரட்சித் தீ பரவியது. ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் பாப்பரசரும் சேர வேண்டும் என்று இத்தாலியர் கோரினர். கிறிஸ்தவ மக்கள் அனைவருக்கும் தந்தையான தாம், ஒரு நாட்டுப் பிள்ளைகளை மற்றொரு நாட்டுப் பிள்ளைகள் மேல் ஏவ முடியாது என்று அவர் மறுத்தார். நேற்று வரை வாழ்த்திய வாய்கள் தூற்றத் தொடங்கின. நவம்பர் 15-ம் தேதி அவருடைய முதல் அமைச்சர் ரோஸ்ஸி பட்டப்பகலில் குத்திக் கொல்லப்பட்டார். 24-ம் தேதி இரவு, சாதாரணக் குருவின் உடையில், பாப்பரசர் உரோமையை விட்டுத் தப்பி நேப்பிள்ஸ் நாட்டின் கயேத்தா கோட்டையை அடைந்தார்.

அந்த அஞ்ஞாதவாசத்திலும் ஒரு நன்மை விளைந்தது. 1849-ல் அவர் போர்ட்டிச்சிக்கு இடம் மாறினார். இத்தாலியின் முதல் இருப்புப்பாதை சென்று முடிந்த அதே ஊர்! அருகிலுள்ள பியத்ரார்சாவில் நேப்பிள்ஸ் அரசரின் எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. பாப்பரசர் அங்கே சென்று, எஞ்சின்கள் உருவாகும் விதத்தை நேரில் கண்டார். பொன்மலையிலும் பெரம்பூரிலும் பட்டறைப் பணி செய்த நம் முன்னோருக்கு, உலைக்களமும் சம்மட்டியும் முழங்கும் இடத்தில் வெண்ணங்கி அணிந்த பாப்பரசர் நடந்து சென்றார் என்பது இனிய செய்தியாக இருக்கும்.

1850-ம் ஆண்டு ஏப்ரல் 12-ம் தேதி அவர் உரோமை திரும்பினார். பிரெஞ்சுப் படை காவல் நின்றது. திரும்பியவர் பழைய மனிதர் அல்லர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அரசியல் சீர்திருத்தங்களில் இருந்த நம்பிக்கை அவரிடம் அற்றுப்போயிருந்தது. ஆனால் மக்களுக்குப் பயன்படும் வேலைகளை அவர் கைவிடவில்லை. 1852-ல் அவரது நாட்டில் தபால் தலை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தந்திக் கம்பியும், உரோமைத் தெருக்களில் வாயு விளக்கும் வந்தன. பிறகு இரயில் வந்தது.

பிரஸ்காட்டி பாதை

பிரஸ்காட்டி உரோமைக்குத் தென்கிழக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தூரம் சுமார் இருபது கிலோமீட்டர். நகரின் மஜ்ஜோரே வாசலுக்கு அருகிலிருந்து புறப்பட்ட பாதை, பழைய உரோமையர் நீர் கொண்டுவரக் கட்டிய வளைவு மதில்களின் ஓரமாகவே சமவெளியில் ஓடியது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையின் நிழலில் புத்தம் புதிய தண்டவாளம்.

அந்தச் சமவெளி பார்வைக்கு அழகு, வாழ்வதற்குக் கொடியது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி, கோடை இரவுகளில் அங்கே தங்க யாரும் துணியமாட்டார்கள். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று எல்லாரும் எண்ணிய காலம் அது. கொசுவே அதைப் பரப்புகிறது என்பது 1897-ல் நம் நாட்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் செய்த ஆராய்ச்சியாலும், மறு ஆண்டு உரோமையில் கிராஸ்ஸி செய்த ஆராய்ச்சியாலுமே தெளிவாயிற்று. அதுவரை, மண் வெட்டியவரும் கட்டை அடுக்கியவரும் காரணம் அறியாத காய்ச்சலோடு போராடியே வேலை செய்தனர். தண்டவாளத்தைக் காணும்போதெல்லாம் அதை இட்ட கைகளையும் நினைப்பது நம் கடமை அன்றோ!

1856 ஜூலையில் வண்டி ஓடியது. பிரஸ்காட்டி நிலையம் ஊருக்குள் அமையவில்லை. மேட்டில் இருந்த ஊருக்குக் கீழே, சற்றுத் தொலைவில் நின்றது. இரயிலில் சுகமாக வந்தவர்கள் மிச்சத் தூரத்தை மூச்சு வாங்க ஏறியோ வண்டி பிடித்தோ கடக்க வேண்டியிருந்தது. 1884-ல்தான் பாதை ஊர் வரை நீட்டப்பட்டது. நம் ஊர்களிலும் இரயிலடி ஓரிடம், ஊர் ஓரிடம் என்று இருப்பதை நாம் அறிவோமே!

1859-ல் உரோமையிலிருந்து சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கும் திருயாத்திரிகர்கள், அதுவரை நாள் முழுதும் குதிரை வண்டியில் குலுங்கி வந்த தூரம் அது. இரயில் அதைச் சில மணி நேரத்தில் கடந்தது. இந்தப் பாதைகளைப் போட்டவை, பெரும்பாலும் பிரெஞ்சு முதலீட்டில் இயங்கிய தனியார் கம்பெனிகள். அவற்றின் பெயர்களிலேயே பாப்பரசரின் பெயர் இருந்தது: பியோ லத்தீனா, பியோ சென்ட்ராலே.

சக்கரத்தின் மேல் ஒரு சிற்றாலயம்

அக்கம்பெனிகள் பாப்பரசருக்கு ஓர் அரிய காணிக்கை அளித்தன. 1858-ல் பாரிஸ் நகரில் செய்யப்பட்ட மூன்று இரயில் பெட்டிகள் அவை. ஒன்று, மக்களுக்கு ஆசீர் வழங்குவதற்காக மாடம் போல் திறந்த பெட்டி. இரண்டாவது, சிம்மாசனமும் சிறிய ஓய்வறையும் கொண்டது. மூன்றாவது, பீடத்தோடு கூடிய சிற்றாலயம். வெளியே பொன் வேலைப்பாடும் உள்ளே பட்டும் ஓவியமுமாக, அவை ஓடும் அரண்மனை போல் விளங்கின. 1859 கோடையில் பாப்பரசர் முதல் முறையாக அதில் ஏறி, அல்பானோ மலைப்பக்கம் பயணம் செய்தார். 1863-ல் வெல்லெத்ரிக்கும் சென்றார்.

ஆடம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தத் திறந்த மாடத்தை நினைத்துப் பாருங்கள். வழியெங்கும் வயலில் நிற்கும் உழவரும், நிலையத்தில் கூடும் தாய்மாரும் தங்கள் மேய்ப்பரைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதற்காகவே அமைந்தது அது. 1857-ல் அவர் தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, மே முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் ஆயிற்று. வடபகுதியில் அப்போது அவர் நாட்டுக்கு இரயில் இல்லை. அருகில் இருப்பதே மேய்ப்பனின் முதற் கடமை. அதற்கு இரயில் உதவும் என்று அவர் கண்டார்.

1863-ல் தைபர் நதியின் மேல் இரும்புப் பாலம் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய பாலம். கப்பல்கள் செல்ல வழிவிட்டுத் திறக்கும் பகுதியும் அதில் இருந்தது. பாப்பரசர் தாமே வந்து அதை ஆசீர்வதித்தார். இதனால் சிவித்தாவெக்கியா பாதையும் மற்றப் பாதைகளும் தெர்மினி என்னும் ஒரே நிலையத்தில் சந்திக்க முடிந்தது. பழைய வெந்நீர்க் கூடங்களின் அருகில் இருந்ததால் அந்நிலையத்துக்கு அப்பெயர் வந்தது. அதே ஆண்டு நேப்பிள்ஸ் வரையும் இரயில் ஓடிற்று.

அன்னையின் பிள்ளை

இரும்பையும் நீராவியையும் பற்றியே பேசிவிட்டு, அவரது ஆன்ம வாழ்வைச் சொல்லாமல் விடலாகாது. 1854-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி, தேவமாதா சென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்னும் அமலோற்பவ சத்தியத்தை விசுவாச சத்தியமாக அறிவித்தவர் அவரே. மறு ஆண்டு ஏப்ரலில், புனித ஆக்னேஸ் ஆலயத்தை அடுத்த மண்டபத்தில் அவர் பலரோடு கூடியிருந்தபோது, தளம் உடைந்து அனைவரும் கீழே விழுந்தனர். பாப்பரசர் காயமின்றித் தப்பினார். அன்னையின் பாதுகாவல் என்று அவர் நன்றி செலுத்தினார்.

தமிழகத் திருச்சபைக்கு அவர் செய்த ஒரு நன்மையை நாம் என்றும் மறவோம். மறவ நாட்டு ஓரியூரில் 1693-ல் வேதசாட்சியாக இரத்தம் சிந்திய அருளானந்தருக்கு 1853-ல் முத்திப்பேறு பட்டம் அளித்தவர் இவரே. ஓரியூர்ச் செம்மண்ணின் புகழ் உரோமையின் பேராலயத்தில் ஒலித்தது இவர் காலத்தில்.

நிழல் விழுந்த பக்கங்கள்

ஜூபிலி மலர் என்பதால் புகழை மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. 1858-ல் பொலோஞ்ஞா நகரில் மொர்த்தாரா என்னும் யூதக் குடும்பத்தின் ஆறு வயது மகனைப் பாப்பரசரின் காவலர் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சென்றனர். குழந்தை நோயுற்றிருந்தபோது, வீட்டு வேலைக்காரப் பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தாள் என்பதே காரணம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை கிறிஸ்தவனாகவே வளர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பெற்றோர் அழுது மன்றாடினர், ஐரோப்பா முழுவதும் கண்டனம் எழுந்தது, பாப்பரசர் இசையவில்லை. அச்சிறுவன் வளர்ந்து குருவானான் என்பது உண்மையே. ஆயினும் தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்ததை இன்று நாம் நியாயம் என்று சொல்ல முடியாது. 2000-ம் ஆண்டு தவக்காலத்தில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், யூத மக்களுக்கு எதிராகத் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். அந்த மன்றாட்டில் நாமும் சேருகிறோம்.

1864-ல் அவர் வெளியிட்ட எண்பது பிழைகளின் அட்டவணையும் பெரும் வாதத்தைக் கிளப்பியது. பாப்பரசர் முன்னேற்றத்தோடும் நவீன நாகரிகத்தோடும் சமரசம் செய்துகொள்ள வேண்டும் என்ற கருத்தை அதன் கடைசி வாசகம் பிழை என்று தள்ளியது. இரயில் பாதை போட்டவரா இப்படி எழுதினார் என்று பலர் வியந்தனர். மடங்களை மூடி, திருச்சபையின் உடைமைகளைப் பறித்த அரசுகள் அதற்கு முன்னேற்றம் என்று பெயரிட்டதையே அவர் எதிர்த்தார் என்பது அவர் சார்பில் கூறப்பட்ட விளக்கம். எப்படியாயினும், இயந்திரத்தை ஏற்பது எளிது, அதனோடு வரும் காலத்தை ஏற்பது கடினம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எல்லாம் போயிற்று

1859-லும் 1860-லும் வட மாநிலங்களும் கிழக்கு மாநிலங்களும் ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயின. அவர் 1846-ல் திட்டமிட்ட அங்கோனா பாதை 1866-ல் நிறைவேறியது. உரோமையிலிருந்து வண்டி அங்கோனா போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கோனா அப்போது வேறு நாட்டில் இருந்தது. அவர் பிறந்த ஊரும் அவ்வாறே.

1869 டிசம்பர் 8-ம் தேதி முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது. ஏறக்குறைய எழுநூறு ஆயர்கள் உலகெங்கிலுமிருந்து வந்தனர். இத்தனை ஆயர்கள் தொலைநாடுகளிலிருந்து ஒரே இடத்தில் கூட முடிந்ததற்கு, நீராவிக் கப்பலும் இரயிலும் துணை நின்றன. 1870 ஜூலை 18-ம் தேதி பாப்பரசரின் தவறா வரம் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டது. மறுநாளே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. உரோமையைக் காத்த பிரெஞ்சுப் படை சிவித்தாவெக்கியா துறைமுகம் வழியே வெளியேறியது. செப்டம்பர் 20-ம் தேதி இத்தாலியப் படை பியா வாசலருகே மதிலைப் பீரங்கியால் பிளந்து உள்ளே புகுந்தது. வீணாக இரத்தம் சிந்த வேண்டாம் என்று வெள்ளைக் கொடி ஏற்றச் செய்தார் பாப்பரசர்.

அன்று முதல் அவர் வத்திக்கானை விட்டு வெளியே வரவேயில்லை. மூன்று அழகிய பெட்டிகளும் கேட்பாரற்று நின்றன. தெர்மினியில் அவர் காலத்தில் வேலை தொடங்கிய பெரிய நிலையக் கட்டடம் 1874-ல் முடிந்தபோது, அதைக் காண அவர் வரவில்லை. மாளிகையின் சாளரத்துக்கு எட்டிய தூரத்தில் ஊர். ஆனால் ஊருக்குள் போக மனமில்லை. எல்லாம் இழந்த அந்த 1870-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதிதான், உழைப்பாளியான புனித சூசையப்பரைத் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். நாடிழந்த அரசர், எகிப்துக்கு ஓடிய தச்சரிடம் தம் மந்தையை ஒப்படைத்தார் என்று எண்ணும்போது நம் உள்ளம் உருகுகிறது.

1878-ம் ஆண்டு பிப்ரவரி 7-ம் தேதி, எண்பத்தைந்து வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தொரு ஆண்டுகளும் ஏழு மாதங்களுக்கு மேலும் ஆட்சி செய்தார். புனித இராயப்பருக்குப் பின் அவ்வளவு நீண்ட காலம் ஆண்ட பாப்பரசர் வேறு எவரும் இல்லை. 1881 ஜூலையில் அவருடைய உடலை நகருக்கு வெளியே புனித லவுரேஞ்சியார் ஆலயத்துக்கு இரவு நேரத்தில் கொண்டு சென்றபோது, ஒரு கூட்டம் வழிமறித்து, பெட்டியைத் தைபர் நதியில் எறிய முயன்றது. பக்தர்கள் சூழ்ந்து காத்து அடக்கம் செய்தனர்.

மீண்டும் ஓடிய வண்டி

1929-ல் இத்தாலிக்கும் திருப்பீடத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி வத்திக்கான் நகருக்கென ஒரு சிறிய இரயில் நிலையமும், மதிலில் ஒரு வாயிலும், வெளிப் பாதையோடு சேரும் தண்டவாளமும் அமைந்தன. ஆயினும் பல ஆண்டுகள் எந்தப் பாப்பரசரும் அதில் ஏறவில்லை. 1943 ஜூலை 19-ம் தேதி, உரோமையின் இரயில் யார்டைக் குறிவைத்துப் போட்ட குண்டுகள், அருகிலிருந்த லவுரேஞ்சியார் ஆலயத்தையும் சிதைத்தன. இரயிலை விரும்பி அழைத்தவரின் கல்லறைக்கு மேலேயே அந்த இடி விழுந்தது. ஆலயம் பின்னர் பழையபடி எழுப்பப்பட்டது.

1962-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் வத்திக்கான் நிலையத்தில் வண்டி ஏறி, லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் சென்றார். வழியெங்கும் நிலையங்களில் மக்கள் திரண்டு நின்றனர். அவர் சாளரத்தில் நின்று ஆசீர்வதித்தார். நோயாளி வாலிபராய் ஒன்பதாம் பத்திநாதர் அழுது செபித்த அதே லொரேத்தோ மாதாவிடமே அந்த இரயில் போய்ச் சேர்ந்தது. 2000-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி, இரண்டாம் அருள் சின்னப்பர் இவ்விருவரையும் ஒரே பலிபீடத்தின் முன், ஒரே நாளில், முத்திப்பேறு பெற்றவர்கள் என அறிவித்தார்.

அந்த மூன்று பெட்டிகளும் அழிந்துபோகவில்லை. செப்பனிடப்பட்டு, உரோமை நகரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 2016 முதல் பழைய மின் நிலையம் ஒன்றில் அமைந்த காட்சிக்கூடத்தில் அவற்றைக் காணலாம்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் பங்கும் இருப்புப்பாதை தந்த பங்கே. வேலை தேடி வந்தவர், மாற்றலில் வந்தவர், வந்த ஊரையே சொந்த ஊராக்கிக் கொண்டவர் என்று நம் குடும்பங்களை இரயில் கொண்டுவந்து சேர்த்தது. ஆலய மணி ஒன்றாக்கியது. இன்று நம் பிள்ளைகளை அதே இரயில் தொலைதூர நகரங்களுக்கு ஏற்றிச் செல்கிறது. புதியது வரும்போது அஞ்சிக் கதவடைப்பதா, கண்ணை மூடிக்கொண்டு பின்னால் ஓடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. ஒன்பதாம் பத்திநாதர் சில சமயம் கதவைத் திறந்தார். சில சமயம் அடைத்தார். சில சமயம் தவறினார். ஆனால் திறந்த போதும் அடைத்த போதும் இழந்த போதும் செபிக்க மறக்கவில்லை. அந்த ஒன்றை நாம் கற்றுக்கொண்டால் போதும்.

பாதை அமைத்த அறியப்படாத உழைப்பாளர்களையும், நம் பங்கின் மறைந்த இரயில்வே ஊழியர்களையும், பணியின்போது உயிர் நீத்தோரையும் இந்த ஜூபிலி ஆண்டில் இறைவனின் திருமுன் நினைவுகூர்வோம். புனித சூசையப்பர் நம் குடும்பங்களைக் காப்பாராக. முத்திப்பேறு பெற்ற ஒன்பதாம் பத்திநாதர் நமக்காக மன்றாடுவாராக.